ஊதிய உச்சவரம்பும் கால்பந்துக் குழுவும்

நிலத்துக்கு உச்சவரம்பு விதித்த சட்டங்களை நாம் நன்கு அறிவோம். ஒருவர் இவ்வளவு நிலத்துக்கு மேல் வைத்துக்கொள்ளலாகாது என்று வரையறுத்த அச்சட்டங்களின் நோக்கம், உடையாருக்கும் இல்லாருக்கும் இடையேயுள்ள தொலைவைக் குறைப்பதாகும். விளையாட்டு உலகிலும் இதையொத்த உச்சவரம்பு ஒன்று அறுபது ஆண்டுக் காலம் ஆட்சி புரிந்தது. இங்கிலாந்தில் கால்பந்தாட்டத்தைத் தொழிலாகக் கொண்ட எந்த ஆட்டக்காரரும், அவர் எத்துணைப் புகழ் பெற்றவராயினும், குறிப்பிட்ட வாரச் சம்பளத்துக்கு மேல் பெறலாகாது என்னும் விதி 1901 முதல் 1961 வரை நடைமுறையில் இருந்தது. அந்த வரம்புக்குள் நின்றுகொண்டே, சிதைந்துபோன குழுக்களை மீண்டும் கட்டியெழுப்ப வேண்டிய நிலை சில கழகங்களுக்கு ஏற்பட்டது. அவற்றுள் மூன்றின் வரலாற்றை இங்கே காண்போம். அந்த வரம்பு யாருக்கு நன்மை செய்தது, யாரிடமிருந்து அதற்கு விலை வாங்கியது என்பதும் அவ்வரலாற்றிலேயே விளங்கும்.

கால்பந்தாட்டம் முதலில் பொழுதுபோக்காகத்தான் தோன்றியது. வட இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் பல்லாயிரம் தொழிலாளர் சனிக்கிழமை பிற்பகல்களில் மைதானத்தை மொய்க்கத் தொடங்கியபின், நல்ல ஆட்டக்காரரைப் பணம் கொடுத்து அமர்த்தும் வழக்கம் மறைவாகப் பரவியது. அதைத் தடுக்க இயலாத கால்பந்தாட்டச் சங்கம் 1885-ஆம் ஆண்டில் ஊதியம் பெற்று ஆடுவதற்கு அனுமதி அளித்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1888-இல், பன்னிரண்டு கழகங்கள் கூடிக் கால்பந்து லீக்கை அமைத்தன. அடுத்து எழுந்த கவலை ஒன்று உண்டு. பெருநகரக் கழகங்களின் வாயிலில் வசூலாகும் பணம் அதிகம். சிறு நகரக் கழகங்களின் வசூலோ சொற்பம். பணமுள்ள கழகம் சிறந்தவர்களையெல்லாம் வாங்கிக்கொண்டால், எஞ்சிய கழகங்களோடு அது ஆடும் ஆட்டத்தின் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடும். முடிவு தெரிந்த ஆட்டத்தைக் காண யார் வருவார்கள்?

இக்கவலைக்கு மருந்தாக இரண்டு விதிகள் வந்தன. முதலாவது, கழகத்தின் பிடி. ஒரு கழகத்தில் பெயர் பதிந்த ஆட்டக்காரர், ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும், அக்கழகம் விடுவித்தாலன்றி லீக்கைச் சேர்ந்த வேறொரு கழகத்துக்குப் போக இயலாது. இம்முறை 1890-களிலேயே வேரூன்றிவிட்டது. இரண்டாவது, 1901-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த உச்சவரம்பு. வாரத்துக்கு நான்கு பவுன். அதற்கு மேல் வெற்றிப் பரிசும் கூடாது. நான்கு பவுன் என்பது அக்காலத்தில் தேர்ந்த தொழிலாளி ஒருவரின் வாரக் கூலியைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே அது வறுமை ஊதியம் அன்று. ஆனால், ஆட்டக்காரரின் வாழ்க்கை பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் முடிந்துவிடுவது. முழங்கால் முறிந்தால் ஒரே நாளிலும் முடிந்துவிடுவது.

இவ்விரு விதிகளுக்கும் இடையே ஒரு விந்தையான வாயில் திறந்தே கிடந்தது. ஆட்டக்காரரின் சம்பளத்துக்கு வரம்பு உண்டே தவிர, அவரை விடுவிப்பதற்காக ஒரு கழகம் மற்றொரு கழகத்துக்குக் கொடுக்கும் தொகைக்கு வரம்பு இல்லை. 1905-ஆம் ஆண்டில் ஆல்ஃப் காமன் என்பவரைச் சண்டர்லாந்துக் கழகத்திடமிருந்து மிடில்ஸ்பரோ கழகம் ஆயிரம் பவுன் கொடுத்து வாங்கியபோது நாடே வியந்தது. 1908-இல் அத்தொகைக்கும் 350 பவுன் என்று வரம்பு கட்டிப் பார்த்தார்கள். சில மாதங்களிலேயே அதைக் கைவிட நேர்ந்தது. எனவே பணம் கழகங்களுக்கிடையே தங்கு தடையின்றி ஓடியது. பந்தை உதைத்த காலுக்கு மட்டும் அளந்து ஊற்றப்பட்டது.

வரம்பை மீறியதால் சிதைந்த முதற் குழு மாஞ்செஸ்டர் சிட்டி. 1904-ஆம் ஆண்டில் சங்கக் கோப்பையை வென்ற கழகம் அது. அதன் தலைமணி பில்லி மெரிடித் என்னும் வேல்ஸ் நாட்டுக்காரர். வலப்புறக் கோட்டோரமாக விரைந்து பந்தைக் கொண்டுசெல்வதில் இணையற்றவர். 1905-ஆம் ஆண்டில் எதிர்க்குழுத் தலைவருக்குப் பத்துப் பவுன் கைக்கூலி கொடுக்க முயன்றார் என்று குற்றஞ்சாட்டி, கால்பந்தாட்டச் சங்கம் அவரை ஆடவிடாமல் தடுத்தது. தடைக்காலத்தில் கழகம் தம்மைக் கைவிட்டதும், மெரிடித் உள்ளிருந்த உண்மைகளை வெளிப்படுத்தினார். வரம்புக்கு மேல் அக்கழகம் பலருக்கும் மறைவாகப் பணம் கொடுத்து வந்தது விசாரணையில் வெளியாயிற்று. 1906-ஆம் ஆண்டில் வந்த தீர்ப்பு கடுமையானது. பதினேழு ஆட்டக்காரர்கள் அபராதமும் தடையும் பெற்றதோடு, இனி அக்கழகத்துக்காக ஒருபோதும் ஆடக்கூடாது என்றும் கட்டளை பிறந்தது. மானேஜர் டாம் மேலிக்கும் கழகத்தின் முன்னாள் தலைவருக்கும் கால்பந்தின் வாயில் அடைக்கப்பட்டது.

குழுவே இல்லாத கழகமாக சிட்டி நின்றது. புதிய மானேஜர் ஹாரி நியூபோல்ட் அங்குமிங்கும் ஆள் சேர்த்து ஒரு குழுவை ஒட்டவைத்தார். 1906 செப்டம்பர் முதல் நாள் உலிச் ஆர்சனல் கழகத்தோடு முதல் ஆட்டம். அன்று இங்கிலாந்துக்கே வழக்கமில்லாத வெயில். பழகாத ஆட்டக்காரர் ஒருவர்பின் ஒருவராகச் சோர்ந்து வெளியேற, ஆட்டம் முடியும்போது சிட்டியின் பக்கம் அறுவரே எஞ்சியிருந்தனர். நான்குக்கு ஒன்று என்று தோல்வி. இரண்டு நாள் கழித்து எவர்ட்டனிடம் ஒன்பதுக்கு ஒன்று. ஆயினும் அவ்வாண்டு கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்பிய அக்குழு, அடுத்த ஆண்டிலேயே மூன்றாம் இடம் பெற்றது. எனினும் அடித்தளம் உறுதியாக இல்லை. 1909-இல் அது இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டது.

சிட்டியின் இழப்பு அதே நகரத்துப் பங்காளிக்கு வரவாயிற்று. 1906-ஆம் ஆண்டின் இறுதியில், மாஞ்செஸ்டரின் குவீன்ஸ் ஹோட்டலில், தண்டிக்கப்பட்ட ஆட்டக்காரர்களை ஏலம் விடுவது போல் விற்றார்கள். மாஞ்செஸ்டர் யுனைடெட் கழகத்தின் மானேஜர் எர்னஸ்ட் மாங்னல் முன்கூட்டியே பேசி, மெரிடித், டர்ன்புல், பர்கெஸ், பானிஸ்டர் ஆகிய நால்வரைச் சேர்த்துக்கொண்டார். 1908-இல் யுனைடெட் முதன்முறையாக லீக்கை வென்றது. 1909-இல் கோப்பையையும் வென்றது. ஒரு கழகத்தை ஒழுங்குபடுத்த வந்த விதி, பக்கத்துக் கழகத்துக்கு மலிவு விலையில் ஒரு குழுவைக் கட்டிக் கொடுத்துவிட்டது.

தாம் சந்தைப் பொருளாக நின்றதை மெரிடித் மறக்கவில்லை. 1907 டிசம்பரில் மாஞ்செஸ்டர் இம்பீரியல் ஹோட்டலில் ஆட்டக்காரர் யூனியன் தோன்றியபோது அவரும், சக ஆட்டக்காரர் சார்லி ராபர்ட்ஸும் முன்னின்றனர். உச்சவரம்பை நீக்குவதும் கழகத்தின் பிடியைத் தளர்த்துவதும் யூனியனின் கோரிக்கைகள். அவை நிறைவேற அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. இடையில் வரம்பு சிறிது சிறிதாக நகர்ந்தது. முதல் உலகப்போருக்குப்பின், 1920-இல் ஒன்பது பவுனாக உயர்ந்தது. 1922-இல் எட்டுப் பவுனாகக் குறைந்தது. கோடை மாதங்களில் ஆறு பவுன்தான். 1947-இல் பன்னிரண்டும், 1957-இல் பதினேழும், 1958-இல் இருபதும் ஆயிற்று.

இரண்டாவது கழகம் சண்டர்லாந்து. கப்பல் கட்டும் அந்நகரத்துக் கழகத்துக்கு இரண்டாம் உலகப்போருக்குப்பின் கிடைத்த பட்டப்பெயர், இங்கிலாந்து வங்கிக் கழகம் என்பது. 1948-இல் லென் ஷாக்கிள்டனை இருபதாயிரம் பவுனுக்கு மேல் கொடுத்தும், 1950-இல் டிரெவர் ஃபோர்டை முப்பதாயிரம் பவுன் கொடுத்தும் வாங்கியது. இத்தனை பேரையும் மற்றவர் கொடுக்கும் அதே சம்பளத்தில் எப்படி இழுத்தது என்ற ஐயம் பலருக்கும் இருந்தது. 1957-ஆம் ஆண்டில் விசாரணை நடந்தது. மைதானத்தின்மேல் பரப்பும் வைக்கோல் முதலியவற்றுக்கான செலவு என்று கணக்கு எழுதி, அப்பணம் ஆட்டக்காரருக்கு மறைவாகக் கொடுக்கப்பட்டது தெரியவந்தது. கழகத்துக்கு ஐயாயிரம் பவுன் அபராதம், தலைவருக்குத் தடை, மானேஜர் பில் மரே பதவி விலகினார்.

பின்னர் வந்த ஆலன் பிரவுன் கண்டிப்புக்குப் பெயர் பெற்றவர். மறைவான பணம் நின்றது; விலை கொடுத்து வாங்கிய குழுவின் பிணைப்பும் அதனோடு தளர்ந்தது. 1958-ஆம் ஆண்டில், அறுபத்தெட்டு ஆண்டுகள் முதற் பிரிவை விட்டு இறங்கியறியாத சண்டர்லாந்து முதன்முறையாக இறங்கியது. பிரவுன் இளைஞரை வளர்த்துப் புதிய குழுவை அமைத்தார். அது மீண்டும் முதற் பிரிவில் ஏற 1964-ஆம் ஆண்டு வரை பிடித்தது. பணத்தால் கட்டியது ஓராண்டில் சரிந்தது. பயிற்சியால் கட்டுவதற்கு ஆறாண்டு ஆயிற்று.

மூன்றாவதாக நாம் காணும் கழகம் விதியை மீறிச் சிதைந்ததன்று. 1945-இல் மாட் பஸ்பி மாஞ்செஸ்டர் யுனைடெட்டின் மானேஜரானபோது, கழகத்தின் மைதானமே விமானக் குண்டுவீச்சால் இடிந்து கிடந்தது. உச்சவரம்பின் உட்பொருளை அவரைப்போல் உணர்ந்தவர் சிலரே. எல்லாரும் ஒரே சம்பளம் கொடுக்கும் இடத்தில், அதிகச் சம்பளத்தைக் காட்டி ஒருவரை அழைக்க இயலாது. ஆனால் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்டெடுத்து வளர்த்தால், கழகத்தின் பிடி விதிப்படி அவன் நெடுங்காலம் அக்கழகத்துக்கே உரியவன். விடுவிப்புத் தொகை ஏதுமில்லை. ஆகவே பஸ்பியும் அவருடைய துணைவர் ஜிம்மி மர்ஃபியும் பள்ளி மைதானங்களுக்கு ஆள் அனுப்பித் தேடினார்கள். இளைஞர் கோப்பை தொடங்கிய 1953 முதல் 1957 வரை ஐந்தாண்டும் தொடர்ந்து அதை வென்றது யுனைடெட். அவ்விளைஞரே வளர்ந்து 1956-இலும் 1957-இலும் லீக்கை வென்றனர்.

1958 பிப்ரவரி 6-ஆம் நாள், பெல்கிரேடில் ஐரோப்பியக் கோப்பை ஆட்டத்தை முடித்துக்கொண்டு திரும்பிய அக்குழுவின் விமானம், மியூனிக் நிலையத்தில் பனி படிந்த ஓடுபாதையிலிருந்து எழ முடியாமல் மோதி நொறுங்கியது. மாண்டவர் இருபத்து மூவர். அவருள் எண்மர் ஆட்டக்காரர். இருபத்தொரு வயதே நிரம்பிய டங்கன் எட்வர்ட்ஸ் பதினைந்து நாள் போராடி மருத்துவமனையில் உயிர் துறந்தார். பிளாஞ்ச்ஃபிளவர், பெர்ரி ஆகிய இருவர் உயிர் பிழைத்தும் மீண்டும் ஆட இயலவில்லை. பஸ்பி உயிருக்கு ஊசலாடிக்கொண்டிருந்தார். வேல்ஸ் நாட்டுக் குழுவின் பொறுப்பை ஏற்றிருந்த காரணத்தால் அப்பயணத்தில் செல்லாத மர்ஃபியின் தலைமேல் எல்லாச் சுமையும் விழுந்தது.

பதின்மூன்றே நாளில், பிப்ரவரி 19-ஆம் நாள், ஷெஃபீல்டு வென்ஸ்டே கழகத்தோடு கோப்பை ஆட்டம் ஆட வேண்டியிருந்தது. அன்று விற்ற நிகழ்ச்சி ஏட்டில் யுனைடெட் ஆட்டக்காரர் பெயருக்குரிய பதினோர் இடங்களும் வெறுமையாக விடப்பட்டிருந்தன. அந்த வெற்றிடங்களை மர்ஃபி எவ்வாறு நிரப்பினார் என்று பாருங்கள். விபத்தில் தப்பிய கிரெக், ஃபவுக்ஸ் இருவரும் ஆடினர். பிளாக்பூலிலிருந்து எர்னி டெய்லரை எண்ணாயிரம் பவுன் கொடுத்து அழைத்துக்கொண்டார். அவருக்கு வயது முப்பத்திரண்டு. ஆனால் இரண்டு கோப்பை இறுதி ஆட்டங்களில் வென்ற அனுபவசாலி. இளைஞரை நடுவிலிருந்து வழிநடத்த வல்லவர். ஆஸ்டன் வில்லாவின் ஸ்டான் குரவுதர் ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்தான் கையெழுத்திட்டார். அவ்வாண்டுக் கோப்பையில் வில்லாவுக்காக ஏற்கெனவே ஆடியிருந்தும் சங்கம் தனி அனுமதி வழங்கியது. எஞ்சிய இடங்களைக் கழகம் வளர்த்த இரண்டாம் குழுச் சிறுவரே நிரப்பினர். மூன்றுக்குச் சுழியம் என்று யுனைடெட் வென்றது. மூன்று கோல்களையும் அடித்தவர் அச்சிறுவருள் இருவர்: ஷே பிரென்னன் இரண்டு, அலெக்ஸ் டாசன் ஒன்று.

இதற்கு மேலும் ஆள் தேவைப்பட்டது. பிஷப் ஆக்லண்டு என்னும் ஊதியம் பெறாதோர் கழகத்திலிருந்து மூவர் உதவிக்கு வந்தனர். அவருள் வாரன் பிராட்லி பள்ளி ஆசிரியர். ஆசிரியப் பணியை விடாமலே ஆடி, 1959-இல் இங்கிலாந்து நாட்டுக் குழுவிலும் இடம்பெற்றார். இவ்வாறு கிழவரும் சிறுவரும் ஆசிரியரும் கலந்த குழு லீக்கில் எஞ்சிய பதினான்கு ஆட்டங்களில் ஒன்றைத்தான் வென்றது. ஆனால் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை சென்று, மே மாதம் 3-ஆம் நாள் போல்ட்டனிடம் தோற்றது. கைத்தடி ஊன்றிய பஸ்பி அன்று மைதானத்துக்கு வந்திருந்தார்.

பின்னர் பஸ்பி செய்த கட்டுமானம் பத்தாண்டுப் பணியாக அமைந்தது. 1958 செப்டம்பரில் ஆல்பர்ட் குவிக்ஸாலை வென்ஸ்டே கழகத்திடமிருந்து நாற்பத்தையாயிரம் பவுனுக்கு வாங்கினார். பிரிட்டனில் அதுவரை எந்தக் கழகமும் கொடுத்தறியாத தொகை. அதே குவிக்ஸாலுக்கு விதிப்படி கிடைக்கக்கூடிய உயர்ந்த வாரச் சம்பளம் இருபது பவுன். தம்மை விற்ற விலையை அவர் சம்பாதிக்க வேண்டுமானால், நாற்பத்து மூன்று ஆண்டுகள் ஒரு வாரமும் தவறாமல் உயர்ந்த சம்பளம் பெற்றிருக்க வேண்டும்! இந்த ஒரு கணக்கே உச்சவரம்பின் அநீதியை விளக்கப் போதுமானது.

திறமைசாலிகள் கடல் கடக்கத் தொடங்கியிருந்தனர். 1950-ஆம் ஆண்டிலேயே நீல் ஃபிராங்க்ளின், சார்லி மிட்டன் முதலியோர் தென் அமெரிக்காவின் பொகோட்டாவுக்குச் சென்று, திரும்பியபின் தண்டனை பெற்றனர். 1957-இல் ஜான் சார்ல்ஸ் இத்தாலியின் ஜுவென்டஸ் கழகத்துக்குச் சென்றார். பிரெஸ்ட்டன் நகரின் டாம் ஃபின்னிக்கு 1952-இல் இத்தாலியிலிருந்து பத்தாயிரம் பவுன் அழைப்பு வந்தது. கழகம் விட மறுத்ததால், குழாய் வேலைத் தொழிலையும் பார்த்துக்கொண்டு ஊரிலேயே ஆடினார்.

1960-ஆம் ஆண்டின் இறுதியில் யூனியன் தலைவர் ஜிம்மி ஹில் நாடெங்கும் ஆட்டக்காரரைக் கூட்டினார். 1961 ஜனவரி 21-ஆம் நாள் வேலைநிறுத்தம் என்று முடிவாயிற்று. அந்நாள் வருமுன்பே லீக் பணிந்தது, உச்சவரம்பு ஒழிந்தது. அவ்வாண்டிலேயே ஃபுல்ஹாம் கழகம் ஜானி ஹேன்ஸுக்கு வாரம் நூறு பவுன் வழங்கியது. கழகத்தின் பிடியை எதிர்த்து ஜார்ஜ் ஈஸ்ட்டம் தொடுத்த வழக்கில், அது தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் 1963 ஜூலை 4-ஆம் நாள் தீர்ப்பளித்தார்.

வரம்பு நீங்கிய பின்னரே பஸ்பியின் கட்டடம் முழுமை பெற்றது. இத்தாலியில் இருந்த டெனிஸ் லாவை 1962-இல் 1,15,000 பவுன் கொடுத்து மீட்டுவந்தார். 1963-இல் லீக்கில் பத்தொன்பதாம் இடத்துக்குத் தாழ்ந்தபோதும் யுனைடெட் கோப்பையை வென்றது. 1965-இலும் 1967-இலும் லீக்கை வென்றது. 1968 மே 29-ஆம் நாள் ஐரோப்பியக் கோப்பையையும் வென்றது. அன்று மைதானத்தில் ஆடியவருள் பாபி சார்ல்டன், ஃபவுக்ஸ் இருவரும் மியூனிக்கில் உயிர் தப்பியவர்கள்.

வரம்பின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது முறையாகாது. 1947 முதல் 1961 வரை நடந்த பதினைந்து லீக் போட்டிகளில் எட்டுக் கழகங்கள் பட்டம் பெற்றன. 1960-இல் வென்ற பர்ன்லி ஒரு சிறு நெசவாலை நகரம். பிரெஸ்ட்டனும் பிளாக்பூலும் பெருநகரங்களோடு தோள் தட்டி நின்றன. ஃபின்னி ஓய்வு பெற்ற மறு ஆண்டே முதற் பிரிவிலிருந்து இறங்கிய பிரெஸ்ட்டன், அதன்பின் அங்கு ஏறவேயில்லை. பர்ன்லிக்கும் மீண்டும் அப்பட்டம் கிட்டவில்லை. சிறு நகரங்களின் பெருமைக்கு உச்சவரம்பு அரணாக இருந்ததை மறுக்க இயலாது. ஆனால் அந்த அரணைக் கட்டும் செலவு முழுவதையும் சுமந்தவர் ஆட்டக்காரரே.

இச்சிக்கலுக்கு வேறொரு வழியை அமெரிக்கா கண்டது. அந்நாட்டுக்கே உரிய உதைபந்தாட்டத்தின் தேசிய லீக், 1994-ஆம் ஆண்டில் தனிமனிதர் சம்பளத்துக்கு அல்லாமல், ஒரு குழுவின் மொத்தச் சம்பளச் செலவுக்கு 3 கோடியே 46 லட்சம் டாலர் என்று வரம்பு கட்டியது. ஆட்டக்காரர் சங்கத்தோடு பேசி ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. அங்கும் தந்திரங்கள் முளைக்காமல் இல்லை. ஒப்பந்தத்தின் தொடக்கத்தில் கொடுக்கும் பெருந்தொகையைப் பின்வரும் ஆண்டுகளின் கணக்கில் பிரித்து எழுதலாம் என்பதால், இன்று வென்று நாளை கடனடைக்கும் பழக்கம் தோன்றியது. சான் பிரான்சிஸ்கோ குழு அவ்வாறு வாழ்ந்து, 1999-இல் பதினாறு ஆட்டங்களில் நான்கை மட்டும் வென்ற நிலைக்கு இறங்கியது. முதுபெரும் பயிற்சியாளர் பில் வால்ஷ் நிர்வாகியாகத் திரும்பி வந்து, சம்பளம் மிகுந்த மூத்தவரை விடுவித்து, இளைஞரைத் தேர்ந்து நிரப்பினார். 2001-இல் அக்குழு பன்னிரண்டு ஆட்டங்களை வென்றது. இங்கிலாந்திலும் 2020-இல் கீழ்ப் பிரிவு இரண்டுக்கு மொத்தச் செலவு வரம்பு கொண்டுவந்தார்கள். தம்மோடு முறையாகக் கலந்து பேசவில்லை என்று ஆட்டக்காரர் சங்கம் எதிர்த்தது. நடுவர் மன்றம் அதற்கு இசைந்ததால், 2021-இல் அவ்வரம்பு நீங்கியது.

பிழைப்பைத் தேடி மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் தில்லிக்கும் வந்து குடியேறியிருக்கும் நமக்கு, மெரிடித்தும் ஃபின்னியும் ஈஸ்ட்டமும் கேட்டது என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. கைத்திறனுக்கு மதிப்புள்ள இடத்துக்குப் போகும் உரிமையையே அவர்கள் கேட்டார்கள். பர்ன்லி போன்ற சிறு ஊர் ஒன்று பெருநகரத்தோடு சமமாக நின்று ஆட வேண்டும் என்ற ஆசையும் நமக்குப் புதிதன்று. நாம் விட்டுவந்த ஊர்களும் பெரும்பாலும் அத்தகையனவே. உச்சவரம்பு வேண்டுமா வேண்டாவா என்ற கேள்விக்கு இவ்வரலாறு ஒற்றைச் சொல்லில் விடை தரவில்லை. அதை யாரைக் கேட்டு விதிக்கிறோம், அதன் சுமையை யார்மேல் ஏற்றுகிறோம் என்பவற்றை முதலில் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் அது தெளிவாகச் சொல்கிறது.